பத்தில் ஒரு பங்கும் பட்டாக் காகிதமும்



விலை கொடுத்து வாங்காத நிலத்தில் ஆண்டாண்டுக் காலத்திற்கும் அதிகாரம் செலுத்தும் வித்தையை எங்கேனும் கண்டதுண்டா? அந்த வித்தைக்கு டில்லியிலே 1962-ஆம் ஆண்டிலேயே சட்டம் சமைத்து வைத்துவிட்டார்கள். பெட்ரோலியக் குழாய்ச் சட்டம் என்று அதைச் சுருக்கமாகக் குறிப்போம்.

அந்தச் சட்டத்தின்படி உழவனுடைய நிலம் எடுக்கப்படுவதில்லை. எடுக்கப்படுவது 'உபயோக உரிமை' மட்டுமே. பட்டா அவன் பெயரிலேயே இருக்கும். தீர்வையும் அவனே செலுத்துவான். ஆனால், குழாய் புதைந்த பட்டையின்மீது வீடு கட்டலாகாது, கிணறு தோண்டலாகாது, குளம் வெட்டலாகாது, மரம் நடலாகாது! அழிந்த பயிருக்கும் வெட்டிய மரத்திற்கும் தனியே இழப்பீடு உண்டு, மறுக்கவில்லை. மண்ணின்மீது இழந்த உரிமைக்கு என்ன தருகிறார்கள்? அறிவிக்கை வெளியான நாளில் அந்நிலத்திற்கு இருந்த சந்தை மதிப்பில் நூற்றுக்குப் பத்து. பத்தே பத்து!

கல்லாவியில் இருந்து இதைப் படிக்கும் தோழர், "எங்கோ ஓசூர்ப் பக்கத்துச் செய்தி, நமக்கென்ன?" என்று தாளை மடித்து வைத்துவிடக் கூடும். இன்று வரைந்த கோடு உங்கள் தோப்பைத் தொடாமல் போகலாம். சட்டத்திற்கு ஓசூர் வேறு, ஊத்தங்கரை வேறு என்ற பேதம் கிடையாது. அறிவிக்கை வருவதோ இந்திய அரசிதழில். கல்லாவியில் எந்தத் தேநீர்க் கடையில் ஐயா, இந்திய அரசிதழ் வாங்கிப் போடுகிறார்கள்?

கதையைக் கடற்கரையிலிருந்து தொடங்குவோம். கொச்சிக்கு அருகே புதுவைப்பு என்னுமிடத்தில், கப்பலில் வரும் திரவ எரிவாயுவை இறக்கும் முனையம் 2013-இல் செயற்படத் தொடங்கியது. பூச்சியத்திற்குக் கீழே ஏறத்தாழ 160 பாகை குளிரில் திரவமாக வருவதைச் சூடேற்றி, மீண்டும் வாயுவாக்கி, குழாயில் அழுத்திச் செலுத்துகிறார்கள். கெயில் என்னும் மைய அரசு நிறுவனத்தின் திட்டப்படி அந்தக் குழாய் கூட்டநாட்டில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை மங்களூருக்கு. கொச்சியிலிருந்து 450 கிலோமீட்டர் நீளும் அவ்வழியை 2021 ஜனவரி 5 அன்று பிரதமர் மோடி தொடங்கி வைத்தார். மற்றொரு கிளை வாளையாற்றைத் தாண்டிப் பெங்களூருக்கு. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய ஏழு மாவட்டங்களின் நடுவே சுமார் 310 கிலோமீட்டர் வழி. எரிவாயு இறங்குவது கேரளத்தில். போய்ச் சேருவது கருநாடகத்தில். இடையிலே கிழிபடுவது கொங்கு மண்ணும் தகடூர் மண்ணும்!

குழாய்க்கென எடுக்கும் பட்டையின் அகலம் 20 மீட்டர். 310 கிலோமீட்டருக்கும் அந்த அகலத்தைப் பெருக்கினால் ஆயிரத்து ஐந்நூறு ஏக்கரைத் தாண்டுகிறது. நம் மாவட்டத்து மாந்தோப்பு ஒன்றுக்குள் நூறு மீட்டர் குழாய் ஓடுவதாகக் கொள்வோம். போனது அரை ஏக்கர். பத்து மீட்டருக்கு ஒன்றாக மரம் வைத்த தோப்பென்றால், இருபது மாமரங்கள்! ஏக்கர் நாற்பது இலட்சம் என்று பேச்சுக்கு ஒரு விலை வைத்தால், அரை ஏக்கர் இருபது இலட்சம். கைக்கு வருவது இரண்டு இலட்சம். மிச்சம் பதினெட்டு இலட்சம் யார் கணக்கில்? நிலம் அவனிடமே இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, பட்டாக் காகிதத்தில்! மாவு பிடிக்காத அந்தப் பட்டையில் அவன் ஆண்டுதோறும் கேழ்வரகு விதைத்துக்கொள்ளலாமாம். தாத்தா நட்ட மரத்தில் பேரன் காய் பறிக்கும் ஊரில் சொல்லக்கூடிய ஆறுதலா இது? அந்த நிலத்தை விற்கப் போனால், குழாய் ஓடும் வயலென்று தெரிந்த பிறகு முழு விலை கொடுப்பார் எவர்?

எதிர்ப்பு எழாமல் இல்லை. உழவர்கள் அளவுக் கற்களைப் பிடுங்கினார்கள், வயலில் அமர்ந்தார்கள். 2013 மார்ச்சில் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா, விளைநிலங்களில் குழாய் பதிப்பதை நிறுத்தி, நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுசெல்லுமாறு சட்டமன்றத்தில் அறிவித்தார். அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அந்த ஆணையைச் செல்லாதென்றது. 2016 பிப்ரவரியில் உச்சநீதிமன்றமும் தமிழ்நாட்டின் முறையீட்டைத் தள்ளியது. கோடிக்கணக்கான மக்கள் வாக்களித்து அமைத்த ஓர் அரசு, தன் மண்ணில் ஒரு குழாயைச் சாலையோரத்திற்கு நகர்த்தவும் வலிமையற்று நின்ற காட்சியைப் பார்த்தோம். 2022 ஏப்ரலில், தருமபுரி மாவட்டத்தில், குழாய்ப் பணியை எதிர்த்து நின்ற உழவர் ஒருவர் தம் உயிரையே மாய்த்துக்கொண்டார். அரசு நிதி வழங்கியது. சட்டம் மட்டும் அசையவில்லை.

அசைக்க நாடாளுமன்றத்திற்குத் தெரியாதா? தெரியும்! 2011-இல் இதே சட்டத்தைத் திருத்தினார்கள். குழாயில் திருடுவோருக்கும் அதைச் சேதப்படுத்துவோருக்கும் தண்டனையைக் கடுமையாக்கினார்கள். உழவனின் நூற்றுக்குப் பத்தை மட்டும் தொடவே இல்லை.

இனி, நம்மவர் சிலர் கேட்கும் கேள்விக்கு வருவோம். "ஓசூரில் ஆலைகள் பெருக வேண்டாமா? நிலக்கரிப் புகையைவிட எரிவாயு மேலல்லவா? கெயில் பொதுத்துறை நிறுவனமாயிற்றே, அதை எதிர்க்கலாமா?" நல்ல கேள்விகள். ஆலை வரட்டும், எரிவாயுவும் வரட்டும். நம் வழக்கு வாயுவின்மீது அல்ல, வழித்தடத்தின்மீதும் விலையின்மீதும்தான். பொதுத்துறை என்பதால் சலுகை காட்ட வேண்டுமென்பது தலைகீழ் வாதம். மக்களின் சொத்தென்று சொல்லிக்கொள்ளும் நிறுவனம், மக்களின் நிலத்திற்கு மற்றவரைவிட நியாயமான விலையல்லவா தர வேண்டும்?

பாதுகாப்பையும் பேசாமல் விட முடியாது. 2014 ஜூன் 27 அன்று, ஆந்திரத்தின் கிழக்குக் கோதாவரி மாவட்டத்து நகரம் என்னும் சிற்றூரில், கெயில் குழாய் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் கருகி மாண்டனர். ஈரமற்ற வாயுவுக்கென அமைத்த குழாயில் நீர் கலந்த வாயு சென்று, உட்புறம் அரித்துப் போயிருந்தது விசாரணையில் வெளிப்பட்டது. ஆக, குழாயைப் பதிப்பதோடு வேலை முடிவதில்லை. ஆண்டுக்காண்டு சோதிக்க வேண்டும். சோதனையின் முடிவை அந்தந்த ஊராட்சிக்குத் தமிழில் அறிவிக்க வேண்டும். சாலையோரத்தில் ஓடினால் கண்காணிப்பும் எளிது, பழுது பார்க்கும் வண்டியும் விரைந்து சேரும்.

பத்து விழுக்காடு என்பது பாறையில் செதுக்கிய எழுத்தன்று. 2017-இல் கோழிக்கோடு மாவட்டத்து முக்கம் பகுதியில் மக்கள் திரண்டு நின்ற பிறகு, கேரளத்தில் இழப்பீடு உயர்ந்தது. மலைக்கு அந்தப் பக்கம் முடிந்தது இந்தப் பக்கம் முடியாதா? நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் சட்டத்திருத்தம் கேட்கட்டும். அதுவரை, குறைந்த தொகைக்கும் நியாய விலைக்கும் உள்ள இடைவெளியை நிறுவனத்தின் கையிலிருந்து பெற்றுத் தருவது மாநில அரசின் கடமை.

கிளைத் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. அறிவிக்கை வெளியான 21 நாட்களுக்குள் எழுத்துமூலம் ஆட்சேபம் தர உழவருக்கு உரிமை உண்டு. தந்தவரை நேரில் அழைத்துக் கேட்டாக வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. இழப்பீடு போதவில்லையெனில் மாவட்ட நீதிபதியிடம் முறையிடலாம். இதை அறியாமல் நாட்களைக் கழியவிட்டவர் பலர். ஆகவே ஊத்தங்கரை, கல்லாவி, மத்தூர் கிளைகள் இப்போதே, அறிவிக்கை எதுவும் வருமுன்பே, தத்தம் ஊர்த் தோப்புகளின் புல எண், மரங்களின் எண்ணிக்கை, வயது, கிணறுகள், அண்மையில் பதிவான விற்பனை விலை ஆகியவற்றை ஏட்டில் எழுதி வைக்கட்டும். அளவுக் கல் நட ஆள் வருகிற அன்று, அந்த ஏடு கிளைச் செயலாளர் கையில் இருக்க வேண்டும்.