பஞ்சுவுக்கு ஒரு காஷன் ஆர்டர்

பொங்கல் விழாப் பந்தியில் என் பக்கத்து இலைக்காரர் திடீரென்று கேட்டார்: "ஏன் சார், நீங்க பூனைக்குப் பட்டை கட்டி நாய் மாதிரி நடத்திக் கூட்டிப் போறீங்களாமே, நிஜமா?" வரிசை முழுவதும் சிரிப்பு. சாம்பார் வாளியோடு வந்த பையன்கூட நின்று கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தான். நிஜம்தான் என்று ஒப்புக்கொண்டேன். விளக்கம் சொல்வதற்குள் பாயசம் வந்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், சிரித்தவர்களில் மூன்று பேர் கை கழுவும் இடத்தில் தனித்தனியாக என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் வீட்டிலும் வயதான பூனை இருக்கிறதாம். வாசற்கதவில் உட்கார்ந்து கத்துகிறதாம். விடலாமா, கூடாதா? அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. மற்றவர்கள் வேண்டுமானால் இன்னொரு முறை சிரித்துக்கொள்ளலாம்.

எங்கள் பூனையின் பெயர் பஞ்சு. 2013-ஆம் வருட மழைக்காலத்தில், அஜ்னி ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்டில் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த குட்டியை என் மகள் துப்பட்டாவில் சுற்றி எடுத்து வந்தாள். அப்போது மனீஷ் நகரில் மூன்றாம் மாடி ஃபிளாட்டில் இருந்தோம். 2019-இல் மகள் கல்யாணமாகி ஹைதராபாத் போனாள். சீரோடு பூனையும் போகும் என்று எதிர்பார்த்தேன். சீர் மட்டும் போயிற்று. பதினோரு வருஷம் அந்த மூன்றாம் மாடியில்தான் பஞ்சுவின் உலகம். பால்கனிக் கம்பி வழியாகப் புறாக்களைப் பார்த்துப் பல்லைக் கடிப்பதோடு அதன் வேட்டை முடிந்துவிடும். (அது, இது என்று எழுதினால் வீட்டில் சண்டை வரும். இனி அவள் என்றே எழுதுகிறேன்.)

2024 நவம்பரில், என் மனைவியின் முழங்கால்களை முன்னிட்டு, பேசா பக்கம் ஒரு தரைத்தள வீட்டுக்குக் குடிவந்தோம். பின்னால் சின்னக் கொல்லை. துளசி, கறிவேப்பிலை, துவைக்கும் கல். வந்த மூன்றாம் நாளே பஞ்சு பின்வாசல் கதவின் கீழ்ச் சந்தில் மூக்கை வைத்துப் படுத்துவிட்டாள். தினமும் மாலை நான்கு மணிக்கு ஒரு குரல் கொடுப்பாள். பசிக்கான குரல் எனக்குத் தெரியும்; இது வேறு.

வீடு இரண்டு கட்சியாயிற்று. மகள் போனில், "அப்பா, நீங்க அவளை வெளியே விட்டீங்கன்னா அடுத்த வண்டியிலேயே வந்து கூட்டிட்டுப் போயிடுவேன்" என்றாள். மனைவியோ, "பாவங்க, எத்தனை நாளைக்கு உள்ளேயே கிடக்கும்? கதவைத் திறந்து விடுங்க" என்றாள். நான் மகள் கட்சி.

காரணம் இருந்தது. 1989-இல் ஆம்லாவில் குவார்ட்டர்ஸில் இருந்தபோது கருப்பன் என்று ஒரு ஆண் பூனை. அந்தக் காலத்தில் பூனையை உள்ளே வைப்பதா, வெளியே விடுவதா என்று யாரும் யோசித்ததில்லை. அவன் பாட்டுக்கு வருவான், போவான். ஒரு நாள் சாயங்காலம் தள்ளாடிக்கொண்டு வந்து அடுப்படியில் விழுந்தான். நான் லைனில் இருந்தேன். கைக்குழந்தையை ஒரு பக்கமும் பூனையை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு ராத்திரி முழுவதும் என் மனைவி உட்கார்ந்திருக்கிறாள். விடிவதற்குள் முடிந்துவிட்டது. அக்கம்பக்கத்தில் எலிமருந்து வைத்திருந்தது பிறகுதான் தெரிந்தது. வைத்தவர்மேல் தப்பில்லை; அவர் எலிக்கு வைத்தார்.

இதைச் சொல்லித்தான் மனைவியிடம் வாதாடினேன். அவள் கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தாள். பிறகு தலை நிமிராமல், "கருப்பன் இருந்த வரைக்கும் ராஜா மாதிரி இருந்தான். அம்மாவையும் நீங்க இப்படித்தான் உள்ளே வச்சுப் பாத்துக்கிட்டீங்க" என்றாள்.

என் அப்பா தவறியபின், 1997-இல், அம்மாவைக் கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து நாக்பூருக்கு அழைத்து வந்தேன். இரண்டாம் மாடி குவார்ட்டர்ஸ். நான் லைனில், மனைவி பள்ளிக்கூட வேலையில், பிள்ளைகள் ஸ்கூலில். அம்மாவுக்கு ஹிந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. கீழே இறங்கி வழி தப்பிவிட்டால்? ஆகவே பத்து மணிக்கு கிரில் கதவை வெளியே பூட்டிக்கொண்டு போவோம், மூன்றரைக்கு வந்து திறப்போம். ஊரில் திண்ணையில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரையெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தவர், இங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து வருஷம். அம்மாவுக்கு ஒரு ஆபத்தும் வரவில்லை. அதைத்தான் நான் இத்தனை நாளும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை பஞ்சுவைக் கூடையில் வைத்து டாக்டரிடம் கொண்டுபோனேன்.

டாக்டர் முதலில் சொன்னது எனக்குப் புதிது. வயதான பூனை புதிதாகக் கத்த ஆரம்பித்தால், வெளியே போகும் ஆசை என்று உடனே முடிவு கட்டக்கூடாதாம். தைராய்டு அதிகமானாலும், ரத்த அழுத்தம் ஏறினாலும் பூனை இருப்புக்கொள்ளாமல் கத்துமாம். வயதான பூனைகளுக்குச் சிறுநீரகக் கோளாறும் சகஜம். நிறையத் தண்ணீர் குடித்து நிறையச் சிறுநீர் கழித்தால் அதைக் கவனிக்க வேண்டும். ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். எல்லாம் சரி. அப்படியானால் ஆசைதான்.

வயதுக் கணக்கும் சொன்னார். பூனையின் முதல் வருஷம் நமக்குப் பதினைந்து, இரண்டாவது வருஷத்தோடு இருபத்துநான்கு, அதற்குமேல் வருஷத்துக்கு நான்கு நான்காகக் கூட்ட வேண்டுமாம். அந்தக் கணக்கில் அப்போது பஞ்சுவுக்கு அறுபது. ரயில்வேயில் ரிடையர் ஆகும் வயசு. இப்போது பன்னிரண்டு முடிந்து, என்னைப் போலவே அறுபத்துநாலு. (ரயில்வேப் பூனைக்கு ரிடையர்மென்ட் கிடையாது என்றும் சொல்வேன். ஜப்பானில் கிஷி என்ற சின்ன ஸ்டேஷனில் 2007-இல் டாமா என்ற பெண் பூனையை ஸ்டேஷன் மாஸ்டராகவே நியமித்தார்கள். 2015-இல் பதினாறு வயதில் கண் மூடும் வரை அது பதவியில்தான் இருந்தது.)

இதில் யோசிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. குட்டியிலிருந்து தெருவில் வளர்ந்த பூனைக்கு எந்தச் சுவர் ஏறலாம், எந்த நாய் துரத்தும், எந்த வீட்டு மாடி வழியாகத் தப்பலாம் என்றெல்லாம் தெரியும். பதினோரு வருஷம் ஃபிளாட்டில் இருந்தவளுக்கு ஸ்கூட்டர் என்றால் மூன்று மாடிக்குக் கீழே கேட்கும் சத்தம், அவ்வளவுதான். காதும் கண்ணும் கொஞ்சம் மங்கும் வயது. மேலும் தெரு என்பது காலியிடம் அல்ல. ஏற்கெனவே அங்கே குடியிருக்கும் பூனைகள் பங்கு போட்டு வைத்திருக்கின்றன. புதிதாக ஒரு கிழவி போனால் கடிபட்டுத்தான் திரும்புவாள். நாய்க்கடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வெறிநாய்க்கடி நோய் பூனைக்கும் வரும், பூனை மூலமாக நமக்கும் வரும், வந்தபின் மருந்தில்லை. வெளியே போனாலும் போகாவிட்டாலும் வருஷா வருஷம் ஊசி போடுங்கள். பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நீங்களும் டாக்டரைப் பாருங்கள். பூனைக்கு உடம்பு சுட்டால் நம் வீட்டுப் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள். அது பூனைக்கு விஷம்.

எனவே கதவைத் திறந்து விட்டுவிட்டு "போய் வா" என்பது எனக்குச் சம்மதமில்லை. பூட்டி வைப்பதிலும் சம்மதமில்லாமல் போய்விட்டது.

நான் பாதை பராமரிப்பில் இருந்தவன். சேர்ந்தபோது பி.டபிள்யூ.ஐ. என்பார்கள், பிறகு செக்ஷன் இஞ்சினியர் என்று பெயர் மாற்றினார்கள். வேலை என்னவோ அதே தண்டவாளமும் ஜல்லியும்தான். ஜல்லியைத் தோண்டிச் சலித்துப் போட்ட பாதையில் அன்றைக்கே முழு வேகத்தில் வண்டி விடமாட்டோம். பயந்துகொண்டு பாதையை மூடியும் வைக்கமாட்டோம். டிரைவர் கையில் காஷன் ஆர்டர் கொடுத்து, முதலில் மணிக்கு 20 கிலோமீட்டர். வண்டிகள் ஓட ஓடப் பாதை இறுகும். இறுக இறுக வேகத்தைக் கூட்டுவோம். அதுவரை ஆட்கள் அங்கேயே நிற்பார்கள். பஞ்சுவுக்கும் அப்படியே ஒன்று எழுதினேன்.

மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டையை முதல் இரண்டு வாரம் வீட்டுக்குள்ளேயே கட்டிப் பழக்கினேன். முதல் நாள் கட்டியதும் கால் செத்தவள்போலப் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தாள். நடிப்புத்தான், மீன் வாசனை வந்ததும் எழுந்துவிட்டாள். பிறகு காலைச் சாப்பாட்டுக்கு முன்னால், பின்கதவைத் திறந்தே வைத்து, பத்து நிமிஷம் மட்டும். பசியிருந்தால் திரும்பி வருவாள்; கதவு திறந்திருந்தால் பயந்தாலும் உள்ளே ஓடி வரலாம். பொழுது சாயும் நேரத்தில் வேண்டாம். நாய்கள் கூடும் வேளை அது. முதல் நாள் வாசற்படியில் நின்று ஒரு முன்னங்காலை மண்ணில் வைத்தாள், எடுத்தாள், உதறினாள், உள்ளே போய்விட்டாள். நான்காம் நாள் கறிவேப்பிலைச் செடியடியில் மண்ணைத் தோண்டி மூக்கை உள்ளே விட்டு வெகுநேரம் நின்றாள். வாலைத் தூக்கிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள் பாருங்கள், முப்பத்தொன்பது வருஷ சர்வீஸில் எந்த அதிகாரியும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

பக்கத்து வீட்டு மராத்திக் குழந்தைகள் மதில்மேல் ஏறிக்கொண்டு "மனீமாவு, மனீமாவு" என்று கூப்பிடுவார்கள். நம் ஊரில் மணி என்றால் நாய், இங்கே மனீ என்றால் பூனை. பஞ்சு இரண்டு பெயருக்கும் திரும்புவதில்லை.

ஒன்பதாம் நாள் தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் வெடித்ததுபோல் சத்தம் போட்டது. பஞ்சு பின்னோக்கி நெளிந்து, பட்டையிலிருந்து எண்ணெய் தடவினவள்போல வழுக்கி வெளியே வந்துவிட்டாள். நல்லவேளை, திறந்திருந்த கதவுக்குள் பாய்ந்தாள். என் கையில் வெறும் பட்டை. பூனை முன்னோக்கி இழுத்துத் தப்பாது, பின்னோக்கித்தான் உருவிக்கொள்ளும். இதை அன்றுதான் கற்றுக்கொண்டேன். பட்டை இரண்டு விரல் மட்டுமே நுழையும் அளவுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும். பட்டையை மட்டும் நம்பியும் இருக்கக்கூடாது.

அன்று மத்தியானமே டேப்பை எடுத்துக் கொல்லையை அளந்தேன். பத்தடிக்கு ஆறடி, ஏழடி உயரம், ஆங்கிள் இரும்புச் சட்டம், ஒரு அங்குலக் கண்ணுள்ள வெல்டிங் வலை. மேலேயும் வலை உண்டு. பூனைக்குச் சுவர் தடையில்லை, கூரைதான் தடை. அடியில் அரையடி மண்ணுக்குள் புதைத்தேன். வரைபடத்தைப் பார்த்து மனைவி, "என்ன, கோதாவரிக்குப் பாலமா?" என்று கேட்டாள். கேட்டாளே தவிர, உள்ளே ஏறி உட்காரப் பலகை எங்கே வைக்க வேண்டும் என்று சொன்னதும் அவள்தான். ஏப்ரல் வெயில் தொடங்குவதற்கு முன் முடித்துவிட்டோம். நாக்பூர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் காலை ஆறிலிருந்து எட்டு வரைதான் அவளுக்கு அனுமதி. கூடவே அக்கம்பக்கத்து நான்கு வீட்டுக்குப் போய், எலிமருந்துக்குப் பதில் எலிப்பொறி வைக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். மூன்று வீட்டார் ஒப்புக்கொண்டார்கள். எலிமருந்து தின்ற எலியைத் தின்றாலும் பூனைக்கு ஆபத்து என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"பூனை வெளியே திரிவதுதான் இயற்கை, நீர் என்னய்யா கூண்டு கட்டுகிறீர்?" என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பதினோரு வருஷம் ஃபிளாட்டில் வைத்திருந்தோமே, அப்போது எங்கே போயிற்று இயற்கை? இங்கிலாந்தில் பூனையை வெளியே விடுவது வழக்கம்தான். ஆஸ்திரேலியாவில் கான்பெராவிலோ, 2022 ஜூலை 1-ஆம் தேதிக்குப் பிறகு பிறந்த பூனைகளை அவரவர் வீட்டு எல்லைக்குள்தான் வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அங்கே பறவைகளையும் சிறு பிராணிகளையும் நினைத்துச் செய்தார்கள். "இத்தனை வருஷம் உள்ளே இருந்தவளுக்கு இனிமேல் எதற்கு?" என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை வைத்திருந்தேன். அதை மேலே அம்மாவைப் பற்றி எழுதியபோதே சொல்லிவிட்டேன்.

மகள் தீபாவளிக்கு வந்தவள், வலையை இழுத்துப் பார்த்து, தாழ்ப்பாள் ஆட்டம் காண்கிறது என்று குறை சொன்னாள். மாற்றிவிட்டேன். இப்போதும் பட்டை உண்டு. குளிர்காலத்தில் மாலை நான்கு மணிக்குக் குரல் வந்ததும் பட்டையைக் கட்டி, தெருக்கோடி வேப்பமரம் வரை நடக்கிறோம். நாற்பது தப்படி. பந்தியில் கேள்விப்பட்டது அதைத்தான். அவள் நின்றால் நானும் நிற்க வேண்டும், அவள் முகர்ந்து முடிக்கும் வரை. எனக்கும் வேறு வேலை ஒன்றும் இல்லை.

கூண்டின் வரைபடம் என்னிடம் இருக்கிறது. வேண்டியவர்கள் சங்கக் கூட்டத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வெல்டிங் கடைக்காரரிடம் மராத்தியில் பேரம் பேசுவது மட்டும் உங்கள் பொறுப்பு.