மாருத்துக்கு இல்லாத இன்ஜினைக் கொடுக்காதீர்கள்

அக்கா மகன் கல்லூரி விடுமுறைக்கு வந்தால் எங்கள் வீட்டு மாடியறையில் இரண்டாம் உலகப் போர் நடக்கும். ‘வார் தண்டர்’ என்ற கணினி விளையாட்டை ஆடுகிறான். மேற்கே சூலூர் விமானப்படைத் தளத்துக்கு 2018-ல் தேஜஸ் படைப்பிரிவு வந்ததிலிருந்து காங்கேயம் பக்கத்துப் பையன்களுக்குப் போர் விமானம் என்பது குடியரசு தினத்தன்று டி.வி.யில் மட்டும் பார்க்கிற சங்கதி இல்லை. இவனுக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அவனுக்குப் பிடித்த விமானம் ஜெர்மனியின் ஃபோக்-வுல்ஃப் 190. அதை வடிவமைத்த கர்ட் டாங்க் 1956-ல் பெங்களூரு எச்.ஏ.எல்.லுக்கு வந்து நமக்கென்று ஒரு ஜெட் போர் விமானம் வடிவமைத்தார் என்று சொன்னதும் விளையாட்டை அப்படியே நிறுத்திவிட்டான். எச்.எஃப்-24 மாருத். முதன்முதலாகப் பறந்தது 1961 ஜூன் 17-ல். செய்ததே மொத்தம் 147 தான். கதையைக் கேட்டுவிட்டு அவன் கேட்ட கேள்விதான் இந்த வாரம் முழுக்க என்னைக் குடைகிறது.

“அத கேம்ல சேத்தறப்போ, மொதல்ல பிளான் பண்ணுன நல்ல இன்ஜினையே போட்டுக் குடுத்தா என்னங் மாமா?”

நியாயமான கேள்வி போலத்தான் தெரியும். ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்தை மனதில் வைத்துத்தான் டாங்க் அந்த உடலை வரைந்தார். அதற்காக நம்பியிருந்தது பிரிட்டனின் ஆர்ஃபியஸ் 12 இன்ஜினை. பிரிட்டன் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. தொடர்ந்து உருவாக்குவதற்கான பணத்தைக் கொடுக்க டெல்லி முன்வரவில்லை. கடைசியில் மாருத்துக்குக் கிடைத்தவை தலா 2,200 கிலோ உந்துவிசை கொண்ட இரண்டு ஆர்ஃபியஸ் 703 இன்ஜின்கள். அவ்வளவு அழகான உடல், ஒலியின் வேகத்தைத் தொடுவதற்கே திணறியது. எகிப்தோடு சேர்ந்து அவர்களுடைய இன்ஜினைப் பொருத்திப் பார்த்த முயற்சியும் பாதியில் நின்றது.

ஆர்ஃபியஸ் 703-இலிருந்தே கூடுதல் விசையைக் கறக்க, ஆஃப்டர்பர்னர் பொருத்திய சோதனை விமானம் ஒன்றையும் செய்தார்கள். 1970 ஜனவரியில் அது பெங்களூரில் மேலே எழும்பும்போதே விழுந்தது. ஓட்டியவர் குரூப் கேப்டன் சுரஞ்சன் தாஸ். 1961-ல் மாருத்தை முதன்முதலாக வானுக்கு எடுத்துச் சென்ற அதே கைதான். அந்தக் கூடுதல் விசைக்காக ஒரு மனிதர் உயிரைக் கொடுத்திருக்கிறார். அதை ஒரு நிரல் வரியில் எழுதி மாருத்துக்கு இனாமாகக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அவனிடமும் அதையே சொன்னேன்.

அதற்காக, விளையாட்டு விளையாட்டாகவே இருக்கக் கூடாது என்று நான் வாதாடவில்லை. நிஜப் போரில் விமானி நாள் முழுக்கக் காத்திருந்து ஒரு தடவை பறப்பான். அப்படி ஒரு விளையாட்டைச் செய்தால் யாரும் ஆடமாட்டார்கள். ஏறும்போதெல்லாம் சுடப்பட்டுச் சாகிறவன் இரண்டாம் நாள் விட்டுப் போய்விடுவான் என்பதும் உண்மை. இதற்கு ‘வார் தண்டர்’ கண்டுபிடித்த வழி, விமானங்களை ஆண்டுக்கணக்கில் இல்லாமல் வலுக்கணக்கில் வகைப்படுத்தி மோதவிடுவது. ‘பேட்டில் ரேட்டிங்’ என்கிறார்கள். அதனால் 1945-ன் ஜெட்டும் 1950-களின் ஜெட்டும் சில சமயம் ஒரே வானத்தில் சந்தித்துக்கொள்கின்றன. வரலாற்று ஆசிரியருக்கு உறுத்தும். எனக்கு இது சரியாகவே படுகிறது. களத்தை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளட்டும். விமானத்தின் உடலில் கை வைக்கக் கூடாது.

அரிய விமானங்களில்தான் அப்படிக் கை வைக்கும் ஆசை அதிகம் வருகிறது, ஏனென்றால் தட்டிக்கேட்க ஆளில்லை. ஜெர்மனியின் ஹோர்ட்டன் 229 என்ற வாலில்லா ஜெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இரண்டாம் மாதிரி 1945 பிப்ரவரியில் இன்ஜினோடு சில தடவை பறந்து, அதே மாதம் விழுந்து விமானியைக் கொன்றது. மூன்றாம் மாதிரி பறக்கவே இல்லை. விளையாட்டில் இருப்பதோ மூன்றாவது. உலகம் முழுக்க எத்தனையோ பேர் தினமும் அதில் ஏறிச் சண்டை போடுகிறார்கள். அது எப்படித் திரும்பும், எவ்வளவு வேகத்தில் தடுமாறும் என்பதெல்லாம் கணக்குப் போட்ட ஊகம். டாங்கிகள் விஷயத்தில் ‘வார் தண்டர்’ நிறுவனம் 2019-ல் ஒரு நல்ல காரியம் செய்தது. பாந்தர் 2 போல, விளையாட்டில் இருந்த வடிவில் நிஜத்தில் இருந்ததற்குச் சான்றில்லாத சிலவற்றைப் புதியவர்கள் பெறமுடியாதபடி எடுத்துவிட்டது.

மாருத்துக்கு இந்த ஊகம் தேவையே இல்லை. பறந்தவர்களின் பதிவு இருக்கிறது. நான்கு பீரங்கிகளையும் ஒன்றாகச் சுட்டால் அதிர்வில் கோளாறு வரும் என்ற குறையும் அதில் சேர்த்தி. 1971 டிசம்பரில் பாகிஸ்தானுடன் நடந்த போரில் ராஜஸ்தான் எல்லையிலிருந்து பாலைவனத்தின் மேல் தாழப் பறந்து சிந்துப் பகுதியைத் தாக்கிய மாருத்துகளில் ஒன்றைக்கூட எதிரி விமானம் வானில் வீழ்த்தவில்லை. தரையிலிருந்து சுட்டதில் சில விழுந்தன. ஒரு இன்ஜின் செத்த பிறகும் மற்றதை வைத்துக்கொண்டே தளம் திரும்பியவையும் உண்டு. டிசம்பர் 7-ல் ஸ்குவாட்ரன் லீடர் கே.கே.பக்‌ஷி தன் மாருத்தால் ஒரு பாகிஸ்தான் சேபர் விமானத்தை வீழ்த்தியதாக நம் விமானப்படைக் கணக்கு.

தரையோடு ஒட்டிப் பறக்கும்போது நடுங்காத உடல், இரண்டில் ஒன்று போனாலும் ஆளை வீட்டில் சேர்க்கும் இன்ஜின்கள். மாருத்தின் பெருமை இவ்வளவுதான், ஆனால் இது பெரிது. பத்து நிமிட வான்சண்டையில் இந்தப் பெருமை கண்ணில் படவே படாது. அங்கே செத்தவன் அடுத்த நொடி புது விமானத்தில் ஏறிவிடுகிறான்; வீடு திரும்புவதற்குப் பெரிய மதிப்பெண் இல்லை. காங்கேயம் காளையை இருநூறு மீட்டர் ரேக்ளாவில் மட்டும் பார்த்துவிட்டு, பாரவண்டியில் பூட்டிப் பார்க்காமலே விலை சொன்னால் எங்கள் ஊர்ச் சந்தையில் யாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

ஆகவே மாருத்துக்குத் தேவை வேறு இன்ஜின் இல்லை, அதற்கேற்ற வேலை. விடியற்காலைப் பாலைவனம், தாழ்வான பறப்பு, ஒரு ரயில் தடம், கீழே விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள். பாதி வழியில் ஒரு இன்ஜின் போகட்டும். மிச்சத்தோடு தளம் திரும்புகிறவனுக்குத்தான் பெரிய மதிப்பெண். ரசிக்கும்படியான ஆட்டம் அது. உண்மையும் கெடாது.

கோவையிலும் சென்னையிலும் விளையாட்டு செய்யக் கற்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர். உங்களில் யாராவது ஒருநாள் மாருத்தை உருவாக்கப் போகிறீர்கள். அதற்கு முன் பெங்களூரு எச்.ஏ.எல். அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய், அங்கே நிற்கும் மாருத்தைச் சுற்றி வாருங்கள். ஆர்ஃபியஸ் 703-ஐ அப்படியே போடுங்கள், குறைகளோடு.