எட்டுக் கிலோவும் இரண்டரைக் கிலோவும்



கத்திரி வெயில் தொடங்கிவிட்டது. கண்ணாடி துடைக்கும் தொழிலில் இருப்பவர்கள் விடிந்தும் விடியாமலும் மாடி ஏறி, வெயில் திரும்புவதற்குள் கிழக்குப் பக்கத்தை முடித்துவிடப் பார்க்கும் மாதம் இது. சூடேறிய கண்ணாடியில் தண்ணீர் நிற்காது, துடைப்பதற்குள் காய்ந்து கோடு விழும். உங்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படி நேரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும் காலையில், தண்ணீர் ஏற்றும் பேட்டரி பம்ப் பாதியில் மூச்சை நிறுத்தினால் அன்றைய கூலியே ஆட்டம் காண்கிறது. நம் இதழுக்கு வரும் கடிதங்களில் அடிக்கடி தலைகாட்டும் கேள்வி அதனால்தான் இது: எந்த பேட்டரி வாங்கினால் நாள்பட உழைக்கும்?

இந்த மாதம் என் பக்கத்தை முழுக்க அதற்கே கொடுக்கிறேன்.

முதலில் ஒரு வார்த்தை. தரைத்தள ஜன்னலுக்கும் கடை முகப்புக் கண்ணாடிக்கும் பேட்டரியே வேண்டாம். ஒரு வாளித் தண்ணீர், சோப்பு, நல்ல ரப்பர் வைத்த வைப்பர் போதும். 1936-இல் அமெரிக்காவின் ஓக்லண்டில் எட்டோரே ஸ்டெக்கோன் என்ற இத்தாலியர் காப்புரிமை வாங்கிய அந்தப் பித்தளைப் பிடி வைப்பரை இன்றுவரை எந்த இயந்திரமும் வேலையை விட்டு அனுப்பவில்லை. பேட்டரிக்குச் செலவழிப்பதற்கு முன் அந்த ரப்பரை மாற்றிப் பாருங்கள். பல இடங்களில் குறை அங்கேதான் இருக்கும்.

ஆனால் மூன்று மாடி, நான்கு மாடி என்று வந்துவிட்டால் கதை வேறு. ஏணிக்குப் பதிலாகத் தரையில் நின்றபடியே நீளக் கம்பின் நுனியில் உள்ள பிரஷ்ஷுக்குச் சுத்திகரித்த தண்ணீரை ஏற்றிக் கழுவும் முறை பரவி வருவது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. உயரத்திலிருந்து விழும் ஆபத்து அதில் இல்லை. உப்பு நீக்கிய தண்ணீர் என்பதால் காய்ந்த பிறகு வெள்ளைப் புள்ளியும் இல்லை. அந்தத் தண்ணீரை மேலே தள்ளுவது 12 வோல்ட் டயாஃப்ரம் பம்ப். நம் ஊர் வயலில் மருந்தடிக்கும் 16 லிட்டர் பேட்டரி ஸ்ப்ரேயருக்குள் இருப்பதும் அதே வகைப் பம்ப்தான். அதனால் கீழே சொல்லப்போவது மொட்டைமாடியில் சோலார் பேனல் கழுவும் தம்பிகளுக்கும், தோட்டத்தில் ஸ்ப்ரேயர் சுமக்கும் விவசாயிகளுக்கும் அப்படியே பொருந்தும். (மருந்தடித்த டேங்கை மட்டும் ஜன்னல் கழுவ எடுத்துவிடாதீர்கள்.)

கடையில் நாம் கேட்பது "எத்தனை ஏ.எச்.?", அதாவது எத்தனை ஆம்பியர் மணி என்றுதான். வீட்டு இன்வெர்ட்டர் பழக்கிய கேள்வி அது. ஆனால் ஆசிட் பேட்டரியின் மேல் அச்சடித்திருக்கும் அந்த எண், 20 மணி நேரம் மெதுவாக மின்சாரம் எடுத்தால் கிடைக்கும் அளவு. 12 வோல்ட் 7 ஏ.எச். என்றால், மூன்றில் ஒரு பங்கு ஆம்பியர் அளவிலேயே தொடர்ந்து எடுத்துக்கொண்டு போனால்தான் ஏழும் கிடைக்கும். நம் பம்ப் அப்படி மெதுவாகக் குடிப்பதில்லை. மிதமான வேகத்தில் 3 ஆம்பியர், முழு அழுத்தத்தில் 6 வரைகூட இழுக்கும். அந்த வேகத்தில் ஏழு என்பது ஏறக்குறைய ஐந்தாகிவிடும். அந்த ஐந்தையும் முழுக்க உறிஞ்சக் கூடாது. ஆசிட் பேட்டரியைத் தினமும் அடிவரை இறக்கினால் 200, 250 முறை சார்ஜ் செய்வதற்குள் ஓய்ந்துவிடும். பாதியோடு நிறுத்திப் பழகினால் 400, 500 முறை வரும். பிறகு வெயில். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு எட்டு, பத்து டிகிரிக்கும் ஆசிட் பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பேட்டரித் துறையின் பழைய கணக்கு. மே மாத மொட்டைமாடியை நினைத்துக்கொள்ளுங்கள். "போன வருஷம்தான் சார் வாங்கினேன், சார்ஜே நிக்கல" என்று எழுதுகிறீர்களே, நீங்கள் ஏமாந்தீர்கள் என்று சொல்லிவிட முடியாது. வேலைக்கும் வெயிலுக்கும் பொருந்தாத பேட்டரி அது.

ஒரு நாள் வேலையை வைத்துக் கணக்குப் போடுவோம். பம்ப் உண்மையில் ஓடும் நேரம் நான்கு மணி, இழுப்பது 3 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் நாளைக்கு 12 ஏ.எச். வேண்டும். ஆசிட் பேட்டரியில் பாதிதான் எடுக்கலாம் என்பதால் 24, கடையில் கிடைக்கும் அளவில் 26 ஏ.எச். வாங்க வேண்டும். எடை எட்டுக் கிலோ. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில், கடையில் எல்.எஃப்.பி. என்பார்கள், எண்பது சதவீதம் வரை தாராளமாக எடுக்கலாம். 15 ஏ.எச். போதும், 18 வாங்கினால் நிம்மதி. எடை சுமார் இரண்டரைக் கிலோ. நல்ல தயாரிப்பு 2,000 முறை சார்ஜ் தாங்கும். ஆண்டுக்கு 300 நாள் வேலை என்றால் ஆசிட் பேட்டரி இரண்டு ஆண்டைத் தொடாது, இது ஆறு ஆண்டைத் தாண்டும். விலை இரண்டு, மூன்று மடங்கு என்பது உண்மைதான். ஆறு ஆண்டில் எத்தனை ஆசிட் பேட்டரி மாற்றுவோம் என்று பார்த்தால் அந்த வித்தியாசம் கரைந்துவிடுகிறது.

இத்தனை தெரிந்தும் ஏன் பல இடங்களில் இன்னும் கனமான பேட்டரியே ஓடுகிறது? என்னை உறுத்துவது இதுதான். பணம் கொடுப்பவர் ஒருவர், சுமப்பவர் வேறொருவர். ஒப்பந்ததாரரின் பில்லில் விலை தெரிகிறது, எடை தெரிவதில்லை. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் பம்ப்பும் பேட்டரியும் ஏற்றிய டிராலியைப் படிப்படியாகத் தூக்கிக்கொண்டு போகிறவருக்குத்தான் அந்த ஐந்தரைக் கிலோ தெரியும். முதுகில் மாட்டும் வகையில் தண்ணீரே 16 கிலோ. அதன்மேல் ஏறும் ஒவ்வொரு கிலோவும் இடுப்புக்கும் முழங்காலுக்கும் போகிறது. ஆள் வைத்து வேலை வாங்கும் வாசகர்கள் இந்த இதழைப் படிக்கிறீர்கள். அடுத்த முறை பேட்டரி வாங்குவதற்கு முன் பழைய பேட்டரி உள்ள பையை நீங்களே மாட்டிக்கொண்டு மூன்று மாடி ஏறி இறங்குங்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். அதற்குப் பிறகு எதை வாங்குவது என்பதில் எனக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடு இருக்காது என்று நம்புகிறேன்.

லித்தியம் என்றாலே தீப்பிடிக்கும் என்ற அச்சமும் பல கடிதங்களில் இருக்கிறது. லித்தியம் பேட்டரிகள் எல்லாம் ஒரே இனம் அல்ல. 1991-இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயனி பேட்டரியில் கோபால்ட் இருந்தது. ஃபோனிலும் லேப்டாப்பிலும் அந்தக் குடும்பம்தான் பெருகியது. எல்.எஃப்.பி. வேறு குடும்பம். 1990-களின் நடுவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப்பின் குழு கண்டறிந்தது அது. (2019-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அதே குட்இனஃப்.) அடைக்கும் மின்சாரம் அளவில் கொஞ்சம் குறைவு. ஆனால் சூட்டைத் தாங்கும், எளிதில் கொந்தளிக்காது. வெயிலில் வேலை செய்யும் நமக்கு இந்தக் குணம்தான் முக்கியம்.

அதற்காகக் கடையில் "லித்தியம்" என்று எழுதியதையெல்லாம் வாங்கிவிட முடியாது. உள்ளூரில் கட்டித்தரும் பேக்குகளில் பழைய லேப்டாப்பிலிருந்து எடுத்த செல்கள் புது உறை போர்த்தி வருவதுண்டு. விரல் பருமனுள்ள 18650 செல் ஒன்றில் 9,900 எம்.ஏ.எச். என்று அச்சடித்திருந்தால் அதைக் கீழே வைத்துவிட்டு வாருங்கள். பேர்பெற்ற நிறுவனங்களின் செல்லே 3,500-ஐச் சுற்றித்தான் இருக்கும். அந்தச் செல்லின் எடை 45 கிராம் அளவில் இருக்க வேண்டும், கையில் காற்றுபோல் இருந்தால் உள்ளே சரக்கு இல்லை. இந்தியத் தர அமைவனத்தின் ஐ.எஸ். 16046 எண்ணும், ஆர் என்று தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். உள்ளே பி.எம்.எஸ். பலகை இருக்கிறதா, எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று கேளுங்கள். செல்களைக் கூடுதலாக ஏற்றாமலும் அடியோடு இறக்காமலும் காப்பது அந்தப் பலகைதான். ஆசிட் பேட்டரியே வாங்குவதாக இருந்தால் தயாரித்த மாதத்தைத் தேடிப் படியுங்கள். கடை அலமாரியில் பல மாதம் சார்ஜ் ஏற்றாமல் கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் இறுகி, புதிய பேட்டரியே பாதி கிழமாகிக் கைக்கு வரும்.

வாங்கிய பிறகு பேட்டரியின் ஆயுள் பெரும்பாலும் நம் கையில். பலர் இடறுவது ஓர் இடத்தில்தான்: ஆசிட் பேட்டரியின் பழக்கத்தை அப்படியே லித்தியத்துக்கு மாற்றிவிடுகிறார்கள். இரண்டுக்கும் விதி நேர் எதிர். ஆசிட் பேட்டரி இறங்கிய நிலையில் ஒரு நாள்கூடக் கிடக்கக் கூடாது. வேலை முடிந்த அன்றிரவே சார்ஜில் போட வேண்டும். மழைக்காலத்தில் வேலையில்லாமல் கிடக்கும்போதும் நிரம்பியே இருக்க வேண்டும். லித்தியத்தை நீண்ட நாள் ஓரமாக வைப்பதானால் பாதி சார்ஜில், நிழலான இடத்தில் வையுங்கள். முழு சார்ஜோடு தகரக் கொட்டகையிலோ வேனுக்குள்ளோ போட்டு வைப்பதுதான் அதற்குப் பெரிய கேடு. வெயிலில் இருந்து இறக்கியதும் சூட்டோடு சார்ஜ் போடாமல், கை வைத்தால் குளிர்ந்திருக்கும்வரை காத்திருங்கள். சார்ஜரும் அந்தந்த பேட்டரிக்கு உரியதே வேண்டும். 12 வோல்ட் எல்.எஃப்.பி.க்கு 14.6 வோல்ட்டில் நிற்கும் சார்ஜர். ஸ்ப்ரேயரோடு வந்த பழைய சார்ஜர் ஒத்துக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம்.

மாற்றியவர்கள் எல்லோரும் கேட்கும் இன்னொன்று, மீட்டர் பொய் சொல்கிறதே என்பது. ஆசிட் பேட்டரி இறங்க இறங்க வோல்ட்டும் படிப்படியாக இறங்கும். ஓய்வில் 12.7 இருந்தால் முழுசு, 12.1 பக்கம் வந்தால் பாதி. பம்ப்பின் வேகமே தளர்ந்து நமக்குச் சேதி சொல்லிவிடும். எல்.எஃப்.பி. அப்படியில்லை. தெருக்குழாயில் கடைசிக் குடம் வரை ஒரே வேகத்தில் வந்து சட்டென்று நிற்கும் தண்ணீர் மாதிரி, 13 வோல்ட் பக்கமே நின்று வேலை செய்துவிட்டுத் திடீரென்று ஓய்ந்துவிடும். பழைய ஸ்ப்ரேயரில் உள்ள விளக்குகள் கடைசி நிமிடம் வரை பச்சையே காட்டும். அதனால் விளக்கைப் பார்க்காமல், எத்தனை டேங்க் தண்ணீர் அடித்தோம் என்று எண்ணிப் பழகுங்கள். செல்லுக்குள் போய் வரும் ஆம்பியரை எண்ணும் சிறு மீட்டர்களும் கிடைக்கின்றன, பெரிய டிராலிக்கு ஒன்று வைத்துக்கொள்வது நல்லது.

தண்ணீரோடு புழங்கும் கருவி என்பதால் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் கட்டாயம் வேண்டும், 6 ஆம்பியர் பம்ப்புக்கு 10 ஆம்பியர் ஃபியூஸ். முனையில் பச்சை பூத்தால் சுரண்டித் துடைத்து வாசலின் தடவுங்கள். பேட்டரிப் பெட்டி டேங்குக்குக் கீழே இருந்தால், ஒழுகும் வாஷரை அன்றே மாற்றிவிடுங்கள். கயிற்றில் தொங்கி வேலை செய்பவர்கள் கையடக்கக் கருவியையும் அதன் பேட்டரியையும் தனித்தனிக் கயிற்றால் கட்டிக்கொள்ளுங்கள். கீழே நடப்பவர் தலையில் ஒரு பேட்டரி விழுவதை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வீட்டு உபயோகத்துக்குக் கையில் பிடித்துக் கண்ணாடி நீரை உறிஞ்சும் சிறு வேக்குவம் வாங்க விரும்பும் வாசகிகளுக்கு என் ஒரே பரிந்துரை, பேட்டரியைக் கழற்றி மாற்றக்கூடிய மாடலாகப் பாருங்கள் என்பது. உள்ளேயே ஒட்டிவைத்த பேட்டரி போனால் நல்ல மோட்டாரும் அதோடு குப்பைக்குப் போகிறது.

குப்பை என்றதும் சொல்லாமல் விட முடியாத ஒன்று. ஓய்ந்த ஆசிட் பேட்டரியைக் காயலான் கடையில் எடைக்குப் போடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அங்கே அதை உடைத்து, ஆசிட்டைத் தரையில் கொட்டி, ஈயத்தைத் திறந்த அடுப்பில் உருக்கினால் அந்தப் புகையும் தூசியும் முதலில் போய்ச் சேர்வது அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் உடம்புக்கு. வளரும் மூளையை ஈயம் கெடுக்கும், கெட்டது திரும்ப வராது. பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் 2022-இன்படி பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து எக்ஸ்சேஞ்ச் விலையைக் கேட்டு வாங்குங்கள். வீங்கிய லித்தியம் பேட்டரியைக் குத்தவோ நசுக்கவோ வேண்டாம், வீட்டுக் குப்பையோடு போடவும் வேண்டாம். முனைகளில் டேப் ஒட்டி, மணல் உள்ள வாளியில் திறந்தவெளியில் வைத்திருந்து மின்கழிவு எடுப்பவரிடம் சேர்த்துவிடுங்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் பயன்படுத்தும் பேட்டரி எந்த வகை, எத்தனை ஏ.எச்., எந்த மாதம் வாங்கியது, நாளைக்கு எத்தனை டேங்க் ஓடுகிறது, எப்போது தளரத் தொடங்கியது என்று ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். கம்பெனியின் பெயரைவிட இந்த விவரங்கள்தான் அடுத்து வாங்கப்போகிறவருக்கு வழிகாட்டும். வருவதையெல்லாம் தொகுத்து, ஆடி மாத இதழில் ஒரே அட்டவணையாக வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்