வானலையில் சிதையும் சொல்



கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் ஊர்களில், வெளிநாட்டிலுள்ள மகனோடு பேசும் தாய்மார் கைபேசியில் உரக்கக் கூவுவதை நாம் அறிவோம். குரல் விட்டுவிட்டு வந்தால் இன்னும் உரக்கக் கூவுவர். பாவம், அதனால் பயனில்லை. கைபேசி குரலைக் குரலாகவே அனுப்புவதில்லை. ஒன்று, சுழி என்னும் இரண்டே இலக்கங்களாக்கி வானலையில் ஏற்றுகிறது. வழியில் ஓர் ஒன்று சுழியாகிவிட்டால் சொல் சிதையும்; வங்கிக்கு அனுப்பிய தொகையும் மாறிவிடக்கூடும்.

மாறாமல் காப்பது எது? தீப்பெட்டி ஆபீசின் கூலிப் பேரேட்டை எண்ணிப் பாருங்கள். ஆளுக்கொரு வரிசை, நாளுக்கொரு பத்தி. இரண்டுக்கும் கூட்டுத்தொகை உண்டு. ஓர் எண் பிழையானால் ஒரு வரிசையும் ஒரு பத்தியும் கணக்கில் இடிக்கும். அவை சந்திக்கும் கட்டத்தில்தான் பிழை; திருத்தவும் அத்தொகையே போதும். இவ்வாறு கூடுதல் இலக்கங்களைச் சேர்த்தனுப்பி, பெறுமிடத்திலேயே பிழையைத் திருத்தும் முறையை அமெரிக்கக் கணித அறிஞர் ரிச்சர்ட் ஹாமிங் 1950இல் வெளியிட்டார். இன்றைய குறியீடுகள் மிக நுட்பமானவை; எனினும் வேர் இதுவே. அப்படியும் திருந்தாத பகுதியை மறுபடி அனுப்புமாறு கருவியே கேட்டுக்கொள்ளும்.

பிழையின் காரணங்களுள் எதிரொலிப்பும் ஒன்று. அலை நேராக மட்டும் வருவதில்லை; கட்டடத்திலும் கழுகுமலை போன்ற பாறைக்குன்றிலும் பட்டுத் திரும்பி, சற்றுப் பிந்தி வந்து, நேரலையோடு மோதி அதை மங்கச் செய்யும். ஓரடி தள்ளி நின்றால் சிலவேளை பேச்சு தெளிவது இதனாலேயே. பொள்ளாச்சியில் 1944இல் பிறந்து, இந்தியக் கடற்படைக்கு நீர்மூழ்கிகளை ஒலியால் கண்டறியும் சோனார் கருவியை உருவாக்கிய ஆரோக்கியசாமி பால்ராஜ், பின்னர் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் இத்தொல்லையையே பணியாளாக்கிக் கொண்டார். பல ஆண்டெனாக்கள் ஒரே அலைவரிசையில் வெவ்வேறு செய்தி அனுப்பினாலும், அவை வெவ்வேறு பாதையில் தெறித்து வருவதால், பெறும் ஆண்டெனாக்கள் அவற்றைப் பிரித்தறியலாம் என்பது 1992இல் தாமஸ் கைலாத்துடன் அவர் காப்புரிமை கோரிய கருத்து. அலை மங்கிய இடத்திலோ பல ஆண்டெனாக்கள் ஒரே செய்தியை அனுப்பும். ஒரு வழி அழிந்தாலும் மறுவழி பிழைக்கும். 2014இல் அவருக்கு மார்க்கோனி பரிசு கிடைத்தது. திரைநடிகர்களை அறிந்த அளவு நம் இளைஞர் இவரை அறியாதது நமக்கு வருத்தமே.

கோபுரத்தின் அலையே எட்டாத காட்டுக்கு எந்தக் குறியீடும் உதவாது. ஆயினும் அலை மெல்லியதாக வரும் இடத்தில் ஒரு வேறுபாட்டை நினைவிற்கொள்ளுங்கள். பேச்சு காத்திராது, பிந்தி வந்த துண்டைக் கருவி தள்ளிவிடும். குறுஞ்செய்தியோ சிறியது, பலமுறை முயன்று அனுப்பப்படும். பருத்திக்காட்டில் ஒருவரைப் பாம்பு தீண்டி, 108ஐ அழைத்தும் குரல் நிற்கவில்லையெனில், இடத்தையும் பெயரையும் எழுதி ஊரிலுள்ள ஒருவருக்கு உடனே குறுஞ்செய்தி விடுங்கள். பின்பு உடனிருப்பவர் மேட்டுப்பக்கம் நடந்து மறுபடி அழைக்கட்டும்.