பிதுக்குப் பருப்பும் பாரம்பரியப் பசப்பும்

மீண்டும் ஒரு ‘பாரம்பரிய உணவு’ச் சிறப்பிதழ் வந்திருக்கிறது. மண்சட்டி, வாழையிலை, பின்னணியில் மங்கலாக ஒரு பாட்டி. பருவத்துக்கு ஏற்ப விளைந்ததை உண்டு வாழ்ந்த தமிழன் நாவின் சபலத்தால் அதை மறந்துவிட்டான் என்கிற புலம்பலை இம்முறையும் மூன்று கட்டுரைகளில் படிக்க நேர்ந்தது. மறந்தது யார், எதனால் என்று கேட்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சிங்காரப்பேட்டைப் பக்கத்தில் இக்கேள்விக்கு விடை தேட அதிக தூரம் போக வேண்டியதில்லை. ஊத்தங்கரையிலிருந்து செங்கம் போகும் சாலையில், சவ்வாது மலை கண்ணில் படும் மானாவாரி நிலம் இது. ஆடியில் கேழ்வரகு விதைப்பவர்கள் சில சால்களுக்கு ஒரு சால் அவரையோ துவரையோ போடுவார்கள். மழை விழுந்த சில வாரங்களில் களையெடுக்கப் போகும் பெண்கள் மடி நிறையப் பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் கொண்டுவருவார்கள். அன்றைய களிக்கு அதுவே கடைசல். கார்த்திகை, மார்கழியில் கதிர் அறுத்த பிறகும் அவரைக்கொடி வயலில் நிற்கும். பனி இறங்கியதும் காய் திரளும். தொட்டால் விரலில் எண்ணெய்போல் ஒட்டும் அந்த வாசனைக்குக் கன்னடத்தில் ‘சொகடு’ என்று தனிச்சொல் உண்டு. தமிழில் நாங்கள் வாசனை என்றே சொல்லிக் கடந்துவிடுகிறோம். தை முடிவதற்குள் தீர்ந்துவிடுகிற அக்காயிலிருந்துதான் பிதுக்குப் பருப்புக் குழம்பு.

சிறப்பிதழ் சொல்லாமல் விட்ட இடம் இங்கேதான் இருக்கிறது. முற்றிய பச்சைக் காயை உரித்துக் கொட்டையை இரவு முழுவதும் ஊறவைத்து, மறுநாள் ஒவ்வொன்றாகப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துப் பிதுக்க வேண்டும். தோல் கையில் தங்கும், பருப்பு தெறித்து விழும். ஆறு பேர் உள்ள வீட்டுக்குக் குழம்பு வைக்க ஒருத்தி முற்பகல் முழுதும் உட்கார வேண்டும். ஒருத்தி என்றுதான் எழுதுகிறேன். ஒருவன் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, என்னையும் சேர்த்து. பெங்களூர் விசுவேசுவரபுரத்தில் ஜனவரிதோறும் நடந்துவந்த அவரைக்காய் மேளாவில் பிதுக்கிய பருப்பைக் கிலோக் கணக்கில் அள்ளிப் போனவர்கள் அந்த முற்பகலைத்தான் விலைக்கு வாங்கினார்கள். அதில் தவறொன்றுமில்லை. அதைக் காசாக எண்ணவாவது செய்தார்கள். நம் கட்டுரையாளர்களோ அதே முற்பகலைத் ‘தாயன்பு’ என்று பெயரிட்டு இலவசமாகக் கேட்கிறார்கள்.

இன்று அந்தப் பெண்களின் மகள்கள் ஓசூர்ப் பக்கத் தொழிற்சாலை விடுதிகளில் இருக்கிறார்கள். சுழற்சி முறை வேலை, மெஸ் சோறு, மாதக் கடைசியில் வீட்டுக்குப் பணம். அவர்களிடம் போய்ப் பருவத்துக்கேற்பச் சமைக்கக் கற்றுக்கொள் என்று உபதேசிக்கும் துணிவு எனக்கு இல்லை. வயலும் அந்த வயலாக இல்லை. களைக்கொல்லி அடித்த நிலத்தில் பண்ணைக்கீரை எங்கிருந்து முளைக்கும்? மாவட்டத்தின் பல பகுதிகளில் கேழ்வரகுக் கொல்லைகள் மாந்தோப்புகளாகிவிட்டன. அதிலும் பெரும்பங்கு கூழ் ஆலைக்குப் போகும் பெங்களூரா மாம்பழம். 2025இல் அதன் விலை கிலோ ஐந்து ரூபாயை ஒட்டிச் சரிந்தபோது பறிகூலிக்குக்கூடக் கட்டவில்லை. வெளிநாட்டுக்குப் போகும் டப்பாவுக்காக மட்டுமே காய்த்த பழம் நம் வேலியோரம் தொங்கியது என்பதற்காக அதை உள்ளூர் உணவு என்றா சொல்வது?

‘பாரம்பரியம்’ என்கிற சொல்லைத் தூய்மை என்ற பொருளில் ஆள்பவர்களுக்கு இன்னொரு தகவலும் சொல்ல வேண்டியிருக்கிறது. கேழ்வரகு கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்களிலிருந்து வந்தது. அவரையின் காட்டு மூதாதையும் ஆப்பிரிக்காவைச் சேர்ந்ததே. குழம்பில் விழும் மிளகாய் அமெரிக்கக் கண்டத்தின் பயிர். கர்நாடகத்தில் லட்சுமணய்யா இந்திய ரகங்களை ஆப்பிரிக்க ரகங்களோடு கலந்து ‘இந்தாஃப்’ ரகங்களை உருவாக்கியதால்தான் கேழ்வரகு மகசூல் பெருகியது. நம் களியின் பெருமை அதன் தூய்மையில் இல்லை.

பாட்டிகளின் காலத்தைப் பொற்காலமாக்குவதும் பொய். பருவத்தில் விளைந்ததை மட்டும் உண்பது என்றால் விளையாத பருவத்தில் பட்டினி என்றும் பொருள். ஆனி, ஆடியில் குதிர் காலியான வீடுகளில் நீர்த்த கூழும் புளியங்கொட்டையும் உண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அதைப் பருவ உணவு என்று அழைக்கவில்லை. ரேஷன் அரிசி வந்தபோது அவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டதை நாகரிக மோகம் என்று எழுதுவது வயிறு நிறைந்தவனின் திமிர்.

அப்படியானால் களியும் கீரையும் போகட்டும் என்கிறேனா? இல்லை. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அரிசியில் பத்தை ஒட்டித்தான். இது இம்மண்ணில் மழையை மட்டும் நம்பி விளைகிறது. இழக்கக்கூடாத ஒன்று. ஆனால் அதைக் காப்பது தனிமனித ஒழுக்கத்தின் வேலையன்று, அடுப்படிப் பெண்ணின் வேலை மட்டுமாகவும் இருக்க முடியாது. 2023இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷனில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு தரும் திட்டம் தொடங்கியது. அந்த ஒரு முடிவு நூறு சிறப்பிதழ்களைவிடப் பெரியது. தையில் கிலோக் கணக்கில் மலிகிற அவரை இவ்வட்டாரப் பள்ளிகளின் சத்துணவுச் சாம்பாரில் ஏன் விழக்கூடாது? ஊடுபயிர் போட்டவனுக்கு அந்தக் கொள்முதல் ஒன்றே போதும், அடுத்த ஆடியிலும் சால் விடுவான்.

இதையெல்லாம் எழுத இதழ்களுக்கு இடமில்லை என்றால் ஒரு சிறிய திருத்தமாவது செய்யலாம். அவர்கள் அச்சிட்ட பிதுக்குப் பருப்புக் குறிப்பில், தயாரிக்கும் நேரம் இருபது நிமிடம் என்று போட்டிருக்கிறார்கள். பிதுக்கும் நேரத்தையும் சேர்த்துப் போடட்டும்.