செல்போன் மட்டும் போதுமா?

"ரயில் டிக்கெட்டைச் செல்போனிலேயே எடுக்கலாமே, கவுன்டர் எதற்கு?" என்று பலர் கேட்கிறார்கள். நாமும் கொஞ்சம் யோசிப்போமா?

நம் நாட்டில் இணையம் வழியாக ரயில் முன்பதிவு 2002-ல் வந்தது. அதற்கு முன், முன்பதிவு செய்ய கவுன்டர் வரிசையில் கால் கடுக்க நிற்க வேண்டும். இப்போது வீட்டிலிருந்தே எடுத்துவிடலாம். நல்ல வசதிதான்!

ஆனால், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி என்ன செய்வார்? பட்டன் செல்போன் வைத்திருக்கும் கூலித் தொழிலாளி? செல்போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டால் டிக்கெட்டைக் காட்டவும் முடியாது. காகித டிக்கெட்டுக்கு அந்தக் கவலை இல்லை.

ரயில் எல்லோருக்கும் பொது. புதுக் கருவிகள் வரட்டும், கவுன்டரும் திறந்திருக்கட்டும். டிக்கெட் இயந்திரத்தின் முன் தடுமாறும் பெரியவரைப் பார்த்தால் நீங்களும் உதவுங்கள், சரியா?