வெள்ளம் வடிந்த பிறகு



டிசம்பர் பிறந்தாலே சென்னைக்காரர்களுக்கு 2015 ஞாபகம் வந்துவிடும். டிசம்பர் 1 அன்று விடாமல் கொட்டிய மழையோடு, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி வரை தண்ணீர் திறக்கப்பட, அடையாறு கரை புரண்டது. முடிச்சூர், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று வழி நெடுக வீடுகள் முழுகின. மனிதரால் விளைந்த பேரிடர் என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை 2018இல் சொல்லிவிட்டது. அந்த விவாதத்தை இங்கே மறுபடி எடுக்கவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு நடந்ததுதான் என் மனதை விட்டுப் போகவே இல்லை.

துடைப்பமும் பிளீச்சிங் பவுடருமாக ஊரே சேறு அள்ளியது. மொட்டை மாடிகளில் பத்திரம், ரேஷன் கார்டு, கல்யாண ஆல்பம் எல்லாம் கல் வைத்துக் காய்ந்தன. லேமினேட் செய்து வைத்திருந்த மார்க் ஷீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்து மை கலங்கியிருந்தது. அரசு முகாம் போட்டு நகல் கொடுத்தது. வசதியுள்ளவர்கள் சுவருக்கு வெள்ளையடித்து, பிரிட்ஜை மாற்றி, அதே முகவரியில் அடுத்த பொங்கலைக் கொண்டாடினார்கள்.

ஆற்றங்கரையில் குடியிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு முகவரியே மாறிப்போனது. பள்ளி ஆண்டு பாதியில் இருக்கும்போதே மூட்டை முடிச்சுகளோடு பலர் பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்பில் போய் இறங்கினார்கள். எட்டு அடுக்குக் கட்டடம், கான்கிரீட் கூரை, வீட்டுக்குள்ளேயே கழிப்பறை. இவற்றை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் பிழைப்பு கோட்டூர்புரத்திலேயே இருந்துவிட்டதே! விடியற்காலையில் நடந்து போய் இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பத் திரும்பி வந்த பெண், அதே வேலைக்கு இப்போது பேருந்துக்குக் காத்திருந்து போகவேண்டும். 2021இல் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்ததில் காசு மிச்சமானது. நேரம் மிச்சமாகவில்லை. கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு ஆயா வேறு பிளாக்கில். அவசரத்துக்குக் கைமாற்று கொடுத்த தோழி எங்கேயோ. நோட்டில் கணக்கு எழுதிக்கொண்டு அரிசி கொடுத்த அண்ணாச்சி கடை பழைய தெருவிலேயே.

மழைக்குப் பயந்து ஒருவரை இடம் மாற்றும்போது அவருடைய தெருவையும் சேர்த்துத்தான் மாற்றவேண்டும், அதுவும் வேலைக்கு எட்டுகிற தூரத்தில். கேட்கக்கூடாத ஆசையாக எனக்கு இது தோன்றவில்லை.

பெரும்பாக்கத்திலும் அதுபோன்ற கண்ணகி நகர்க் குடியிருப்பிலும் நம் வாசகர்கள் இருக்கிறீர்கள். புது இடத்தில் வேலை எப்படித் தேடிக்கொண்டீர்கள், யார் துணை நின்றார்கள், இன்னும் எது அமையவில்லை என்று எங்களுக்கு எழுதுங்கள். வரும் இதழ்களில் பக்கங்கள் ஒதுக்குகிறோம். எழுதிப் பழக்கமில்லை என்றால் தயங்கவேண்டாம். அலுவலகத்துக்குப் போன் செய்து சொல்லுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்